இன்டர்நெட்டின் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டெல்

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு

பாட்டிக்கு ஒரு கடிதம்

குத்தம்பாக்கத்தில் இருக்கும் என் பாட்டிக்கு நீங்கள் ஒரு கடிதம் போடுவதாக வைத்துக்கொள்வோம். உறையின் மேல் என்ன எழுதுவீர்கள்? முதலில் பெயர். அப்புறம் கதவு எண், தெரு. அடுத்து குத்தம்பாக்கம். அதற்குக் கீழே பூந்தமல்லி, திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு. கடைசியில் பின்கோடு.

எழுதுவது மேலிருந்து கீழே. ஆனால் தபால் இலாகா படிப்பது கீழிருந்து மேலே! டெல்லியில் கடிதம் பிரிக்கிறவருக்கு என் பாட்டி யாரென்று தெரியாது. குத்தம்பாக்கம் கிழக்கா மேற்கா என்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாட்டுப் பையில் போட்டுவிட்டால் அவர் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர் மாவட்டத்தைப் பார்ப்பார். மாவட்டத்தில் இருப்பவர் ஊரைப் பார்ப்பார். எங்கள் ஊர் தபால்காரர் மட்டும்தான் வேப்பமரத்து வீடு எதுவென்று தெரிந்தவர். இந்தியா முழுக்க உள்ள வீடுகளை மனப்பாடம் செய்த ஒரு ஆள் எங்கேயும் கிடையாது. ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறது.

இப்போது எங்கள் லேப் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் திடீரென்று எந்த வெப்சைட்டும் வரவில்லை. நெட் போச்சு என்று நாங்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். லேப் அண்ணன் மட்டும் அசையவில்லை. ஏதோ நாலு எண்களைப் புள்ளி வைத்துத் தட்டினார். பதில் வந்தது! கேபிள் நன்றாக இருக்கிறது, நெட்வொர்க்கும் நன்றாக இருக்கிறது, பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் சர்வர்தான் படுத்துவிட்டது என்று விளக்கினார். நாம் பெயரைத் தட்டுகிறோம், கணிப்பொறிக்கு எண்தான் புரியும், நடுவில் ஒருவர் இருந்து மாற்றிச் சொல்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நடுவாளை அமைத்தது யார், அந்த எண்களை எல்லாம் முதலில் எழுதி வைத்தது யார் என்று தேடிப் போனேன். நீண்ட தாடி, காலில் செருப்பு, கையில் ஒரு நோட்டுப் புத்தகம் என்று ஒரு மனிதர் கிடைத்தார். பெயரிலேயே தபால் வாசனை இருக்கிறது... ஜான் போஸ்டெல்! அவர் கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று பேர் படித்த பள்ளிக்கூடம்

ஜோனதன் புரூஸ் போஸ்டெல் 1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆல்ட்டடீனா என்ற ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஓரத்தில், வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில்தான் விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் என்ற இன்னும் இரண்டு பேரும் படித்தார்கள். பின்னாளில் இன்டர்நெட் வரலாற்றை எழுத உட்காரும் யாரும் இந்த மூன்று பெயர்களையும் விட முடியாது. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர்!

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1966-ல் இன்ஜினியரிங் இளநிலைப் பட்டமும் 1968-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கே பேராசிரியர் லெனார்டு கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில் மாணவர் கூட்டம் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில், வெவ்வேறு ஊர்க் கணிப்பொறிகளை இணைக்கும் ஆர்ப்பாநெட் என்ற நெட்வொர்க்கைக் கட்டுவதுதான் வேலை. 1969 அக்டோபர் 29 இரவு அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு முதல் செய்தி போனது. லாகின் என்று தட்டப் போனார்கள். இரண்டு எழுத்துப் போனதுமே அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது. ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தியே கிராஷ்தான்! நம்ம லேப் பரவாயில்லை.

அந்த மாணவர் கூட்டத்தில் ஒருவர்தான் போஸ்டெல்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அந்த மாணவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. பெரிய பெரிய பேராசிரியர்கள் இருக்கும்போது, இப்படித்தான் நெட்வொர்க் பேச வேண்டும் என்று நாம் விதி எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். அதனால் 1969 ஏப்ரல் 7-ஆம் தேதி ஸ்டீவ் கிராக்கர் முதல் குறிப்பை எழுதியபோது, அதைச் சட்டம் என்றோ தரம் என்றோ சொல்லாமல், கருத்துக் கேட்கும் கோரிக்கை என்று பணிவாகத் தலைப்பிட்டார். அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆர்.எஃப்.சி. இன்றுவரை அந்தப் பணிவான பெயர் மாறவில்லை.

இந்தக் குறிப்புகளைத் திருத்தி, வரிசை எண் போட்டு, எல்லாருக்கும் அனுப்பிப் பாதுகாக்கும் பொறுப்பு போஸ்டெலிடம் வந்தது. சாகும்வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், அந்த வேலையை அவர் விடவில்லை. அவர் இறக்கும்போது ஆர்.எஃப்.சி. எண்ணிக்கை 2,400-ஐத் தாண்டியிருந்தது. அதில் 200-க்கும் மேல் அவரே எழுதியவை அல்லது கூட்டாக எழுதியவை.

இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. நெட்வொர்க்கில் எந்தச் சேவைக்கு எந்த எண் என்று யாராவது எழுதி வைக்க வேண்டுமே? இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம். போஸ்டெல் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தார். 1972 மே மாதம் ஆர்.எஃப்.சி. 349-ல், எண் கொடுக்க ஒரு அதிகாரி வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பாதி வேடிக்கையாக எழுதினார். யாரும் மறுக்கவில்லை. தேர்தல் இல்லை, நியமன ஆணை இல்லை. ஒழுங்காக எழுதி வைப்பார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவருடைய பதவி!

ஒரு ஒற்றுமையைப் பாருங்கள். அதே 1972-ல், ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் நம் நாட்டில் பின்கோடு அறிமுகமானது. அங்கே ஒருவர் கணிப்பொறிகளுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தார், இங்கே தபால் இலாகா ஊர்களுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தது.

1974-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு, 1977-ல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான். எண் கொடுக்கும் அந்த வேலைக்குப் பிற்பாடு அயானா என்று ஒரு பெயர் வந்தது. பெயரைக் கேட்டால் பெரிய ஆபீஸ், நூறு பேர் என்று தோன்றும். உண்மையில் போஸ்டெலும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற சக ஊழியரும், இன்னும் ஓரிருவரும்தான். மெயிலுக்கு 25, பெயர் சொல்லும் சர்வருக்கு 53, வெப்சைட்டுக்கு 80 என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே போர்ட் எண்கள், அதெல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறியவைதான்.

கொடுப்பதில் கறார், வாங்குவதில் தாராளம்

1980-களின் தொடக்கம் போஸ்டெல் வாழ்க்கையில் பொன்னான காலம். யு.டி.பி.க்கான ஆர்.எஃப்.சி. 768-ஐ 1980 ஆகஸ்டில் எழுதினார். மொத்தமே மூன்று பக்கம்! நம் ரெக்கார்டு நோட்டில் ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்குக்கூட அதைவிட அதிகம் எழுதுகிறோம். 1981 செப்டம்பரில் ஐ.பி.க்கும் டி.சி.பி.க்குமான ஆர்.எஃப்.சி. 791, 793 இரண்டும் அவர் பதிப்பில் வந்தன. 1982 ஆகஸ்டில் ஈமெயில் போக்குவரத்துக்கான ஆர்.எஃப்.சி. 821.

இந்த எழுத்துகளில் ஒரு கொள்கையை அவர் பதித்து வைத்தார். நீ அனுப்புவதை விதிப்படி கறாராக அனுப்பு, அடுத்தவர் அனுப்புவதில் சிறு பிசகு இருந்தாலும் பொருள் புரிந்தால் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு மெஷின், வெவ்வேறு ஆட்கள் எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச வேண்டிய நேரத்தில் இது பெரிய உதவி செய்தது. ஆனால் எல்லாக் காலத்துக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. பிசகுகளைப் பொறுத்துக்கொண்டே போனால் அவையே வழக்கமாகி, பாதுகாப்புக்கும் ஆபத்தாகும் என்று இன்ஜினியர்கள் பிற்பாடு எழுதினார்கள். 2023-ல் வந்த ஒரு ஆர்.எஃப்.சி.யே இதை விவாதிக்கிறது. போஸ்டெல் கொள்கையைப் போஸ்டெல் வளர்த்த வரிசையிலேயே மறுத்து எழுதலாம். அந்த வரிசையின் பெருமையே அதுதான்.

பெரிய சிஸ்டம் ஒன்றை மாற்றுவது எப்படி என்பதற்கும் இவர்களிடம் பாடம் இருக்கிறது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டு டி.சி.பி./ஐ.பி.க்கு மாற வேண்டும். போஸ்டெல் 1981 நவம்பரிலேயே மாற்றத் திட்டத்தை எழுதி வெளியிட்டுவிட்டார். ஓராண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தும் பலர் அசையவில்லை. நம்ம ஆட்கள் மாதிரிதான், கடைசி நாள் பார்த்துக்கலாம்! 1982 நடுவில் ஒரு நாள் முழுக்கப் பழைய முறையை நிறுத்திக் காட்டினார்கள். பிறகு இன்னொரு முறை இரண்டு நாள் நிறுத்தினார்கள். அப்புறம்தான் எல்லாரும் அலறியடித்து வேலையில் இறங்கினார்கள். குறித்த நாளில் மாற்றம் நடந்தது. முன்கூட்டியே சொல், எழுதிக் கொடு, ஒத்திகை பார், அப்புறம் மாற்று. நாளைக்கு நாம் எந்த சர்வர் அறையில் வேலை பார்த்தாலும் இந்த வரிசை உதவும்.

ஒரு பட்டியலின் திணறல்

அந்தக் காலத்தில் கணிப்பொறிப் பெயர்களுக்கும் எண்களுக்கும் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புது மெஷின் சேர்ந்தால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் ஃபைலில் சேர்ப்பார்கள். எல்லா ஊர்க்காரர்களும் அந்த ஃபைலை அடிக்கடி இறக்கிக்கொள்ள வேண்டும். நூறு இருநூறு மெஷின் இருந்தவரை இது நன்றாக ஓடியது. எண்ணிக்கை ஏற ஏறத் திணறியது. இறக்குவதற்குள் பட்டியல் பழசாகிவிடும். ஒரே பெயரை இரண்டு பேர் வைத்துவிடுவார்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே தபால் ஆபீஸ், ஒரே தபால்காரர் என்றால் எப்படி இருக்கும்? அப்படி!

போஸ்டெல் இந்தச் சிக்கலைத் தன் கழகத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். ஏற்கெனவே வந்திருந்த யோசனைகளைக் கொடுத்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னார். மொக்கபெட்ரிஸோ அவற்றை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாகவே ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்று அது வெளிவந்தது. அதுதான் டி.என்.எஸ். என்று நாம் அழைக்கும் பெயர் முறை.

அதன் சூட்சுமம் பாட்டிக்குப் போட்ட கடிதம்தான்! வெப்சைட் பெயரை நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம், சர்வர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கின்றன. கடைசியில் இன் என்று இருந்தால் அது இந்தியப் பை. உச்சியில் இருக்கும் ரூட் சர்வருக்கு இந்தியாவில் உள்ள ஒரு காலேஜ் பெயர்கூடத் தெரியாது. இந்தியப் பட்டியல் எந்த சர்வரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இந்திய சர்வர் அடுத்த கட்டத்தைக் கைகாட்டும். கடைசியில் அந்தக் காலேஜின் சர்வரே தன் மெஷின்களுக்குப் பதில் சொல்லும். ஒவ்வொருவரும் தன் ஊர்க் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளலாம், மேலே யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம்.

இன்னும் இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, ஒருமுறை கேட்ட பதிலை இவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று பதிலோடு கெடுவும் சேர்த்தே வரும். எங்கள் ஊர் தபால்காரர் ஒவ்வொரு நாளும் பாட்டி வீடு எங்கே என்று விசாரிப்பதில்லை அல்லவா? அதனால்தான் உச்சியில் கூட்டம் குறைகிறது. இரண்டு, ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி, வெவ்வேறு இடத்தில். ஒன்று படுத்தால் இன்னொன்று பேசும்.

1987-ல் இன்டர்நெட்டில் இருந்த கணிப்பொறிகள் 10,000-ஐத் தாண்டின. 1989-ல் லட்சம். 1992-ல் பத்து லட்சம்! அந்தப் பழைய ஒற்றைப் பட்டியலாக இருந்திருந்தால் எப்போதோ மூச்சுத் திணறிச் செத்திருக்கும்.

எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் கட்டலாம்

இங்கே ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அரசாங்கங்களின் ஆதரவோடு ஓ.எஸ்.ஐ. என்று இன்னொரு நெட்வொர்க் முறையும் போட்டியில் இருந்தது. ஏழு அடுக்கு என்று நாம் படிக்கிறோமே, அதுதான். அதன் தர ஆவணங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். போஸ்டெல் பதிப்பித்த ஆர்.எஃப்.சி.க்கோ காசே கிடையாது. நெட்வொர்க்கில் இருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், அதைப் பார்த்து புரோகிராம் எழுதலாம்.

எழுதினார்கள்! 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி வளாகத்தில் நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள் டி.என்.எஸ். ஆர்.எஃப்.சி.களைப் பார்த்து பைண்டு என்ற சர்வர் மென்பொருளை எழுதினார்கள். மூலநிரலோடு எல்லாருக்கும் கிடைத்தது. உலகெங்கும் பரவியது. திறந்த மூலம் என்ற பெயர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, இன்டர்நெட்டின் அடித்தளம் அப்படித்தான் கட்டப்பட்டது. விதி திறந்திருந்ததால் மென்பொருளும் திறந்திருக்க முடிந்தது. குத்தம்பாக்கத்தில் இருந்து பஸ் பிடித்து வரும் ஒரு டிப்ளமோ மாணவன், ஆர்.எஃப்.சி. 791-ஐ அமெரிக்கப் பேராசிரியர் படிக்கும் அதே பக்கத்தில் படிக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

போஸ்டெலின் வரிசை வெறும் கறார் வரிசையும் அல்ல. ஏப்ரல் 1 வந்தால் கிண்டல் ஆர்.எஃப்.சி.க்கும் அதில் இடம் உண்டு. 1990-ல் புறாக்காலில் கட்டி டேட்டா அனுப்புவது எப்படி என்று ஒருவர் எழுதிய குறிப்புக்கு 1149 என்று எண் கிடைத்தது. 2001-ல் நார்வே நாட்டு லினக்ஸ் குழு ஒன்று உண்மையாகவே புறா விட்டுப் பார்த்தது. ஒன்பது செய்தி அனுப்பினார்கள், நாலுக்குப் பதில் வந்தது! தூது விடுவதில் அனுபவமுள்ள நம் தமிழ்ப் புலவர்கள் இருந்திருந்தால் இன்னும் தேறியிருக்கும்.

எது நாடு, எது நாடில்லை?

பெயர் முறை வந்ததும் உச்சியில் என்னென்ன பெயர் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. 1984 அக்டோபரில் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்.எஃப்.சி. 920-ல் காம், எஜு, கவ் போன்ற பொதுப் பெயர்களோடு நாடுகளுக்கு இரண்டு எழுத்துப் பெயர்களும் வந்தன. எது நாடு, எது நாடில்லை என்பது பெரிய சண்டைக்குரிய விஷயம். அதில் போஸ்டெல் தலையிடவே இல்லை. சர்வதேசத் தர நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்த நாட்டுச் சுருக்கப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். தன் வேலை எதுவோ அதை மட்டும் செய்வது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

நம் இன் என்ற பெயர் 1989 மே மாதம் அந்தப் பேரேட்டில் ஏறியது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைப் பார்த்துக்கொண்டது. அப்போது நம் நாட்டில் எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்தது. நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் அங்கம். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வர இன்னும் ஆறு வருஷம், 1995 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1994 மார்ச்சில் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591-ல் போஸ்டெல் ஒரு கருத்தை வலியுறுத்தினார். ஒரு நாட்டின் பெயரைப் பராமரிப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல, அந்தச் சமூகத்துக்கும் உலகத்துக்கும் சேவை செய்யும் அறங்காவலர் மட்டுமே. உரிமை பேசுவதைவிடப் பொறுப்பைப் பேசுங்கள் என்பதே அதன் பொருள். கோயில் தர்மகர்த்தா என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த மாதிரி.

ஒரு கையில் பேரேடு

நம் கிராமங்களில் கர்ணம் என்று ஒருவர் இருந்தார். யார் நிலம் எவ்வளவு, எந்த சர்வே எண், எல்லாம் அவர் பேரேட்டில். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். நல்லவர் அமைந்தால் ஊருக்கு நல்லது. இல்லாவிட்டால்? அந்தப் பரம்பரை முறையைத் தமிழக அரசு 1980-ல் ஒழித்தது. ஒரே ஆள் கையில் பேரேடு இருப்பது நல்லதா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

போஸ்டெல் நல்ல கணக்குப்பிள்ளை. பேரேட்டை வைத்து ஒரு காசு சம்பாதித்தவர் இல்லை. சம்பளம் பல்கலைக்கழகத்தில் இருந்து, அதுவும் அரசாங்க ஆராய்ச்சிப் பணத்தில் இருந்து வந்தது. ஆனால் 1990-களில் இன்டர்நெட் வியாபாரம் ஆகிவிட்டது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி 1995-ல் காம் பெயர்களுக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது, வருஷத்துக்கு 50 டாலர். முதல் பிரதியான ஏ ரூட் சர்வரும் அந்தக் கம்பெனி கையில். புதுப் பெயர்கள் சேர்க்கலாமா, யார் முடிவெடுப்பது என்று வழக்கும் வாதமும் பெருகின. ஒரு நோட்டில் தொடங்கிய வேலை கோடிக்கணக்கான டாலர் விஷயமாகிவிட்டது.

1998 ஜனவரி 28 அன்று போஸ்டெல் தன் வாழ்க்கையிலேயே துணிச்சலான ஒரு காரியம் செய்தார். அரசாங்கத்தின் நேரடிக் கையில் இல்லாத எட்டு ரூட் சர்வர்களின் பொறுப்பாளர்களுக்கு மெயில் அனுப்பினார். இனி கம்பெனியின் சர்வரில் இருந்து பட்டியலை எடுக்காமல், தன் கழகத்து சர்வரில் இருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள்! அவர் பட்டியலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அதனால் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. அமெரிக்க அரசு கடுமையாக ஆட்சேபித்தது. இது ஒரு சோதனை முயற்சிதான் என்று போஸ்டெல் விளக்கினார். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி திரும்பியது.

அவர் செய்தது சரியா? சிலர் அத்துமீறல் என்றார்கள். இன்டர்நெட் ஒரு அரசுக்கோ ஒரு கம்பெனிக்கோ சொந்தமல்ல என்று காட்டவே அப்படிச் செய்தார் என்றார்கள் வேறு சிலர். எனக்குத் தோன்றுவது இது. அன்றைக்கு ஒரே மெயிலில் பாதி உலகம் திரும்பியது என்றால் அது அந்த மனிதர் மேல் இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. அதே நேரத்தில், அவ்வளவு பெரிய விஷயம் ஒரே மனிதரை நம்பி இருந்தது என்ற ஆபத்தையும் காட்டுகிறது. நல்ல கர்ணம் கிடைத்தார் என்பதற்காகக் கர்ணம் முறை நல்லதாகிவிடாது.

இது போஸ்டெலுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் கடைசி ஆண்டுகளில் அவர் உழைத்ததெல்லாம் அந்தப் பேரேட்டைத் தன் கையில் இருந்து ஒரு பொது அமைப்புக்கு மாற்றத்தான். 1998 செப்டம்பர் 30-ல் ஐகான் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பதிவானது. பதினாறே நாள். 1991-லேயே இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த போஸ்டெல், மீண்டும் அதே சிகிச்சைக்குப் பின் 1998 அக்டோபர் 16-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். வயது 55.

அதே பள்ளியில் படித்த விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல் குறிப்பு ஆர்.எஃப்.சி. 2468 என்ற எண்ணோடு அதே வரிசையில் சேர்ந்தது. எத்தனையோ பேருக்கு எண் கொடுத்தவருக்குக் கடைசியில் ஒரு எண்!

சென்னைக்கு வந்த பிரதி

அவர் போனபின் இன்டர்நெட் நின்றுவிடவில்லை. ஒரு நல்ல நிர்வாகிக்கு இதைவிடச் சான்றிதழ் வேறென்ன?

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள். அந்தக் கால யு.டி.பி. பதிலில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வந்த கணக்கு அது. 2002 அக்டோபர் 21 அன்று அந்தப் பதின்மூன்றின் மேலும் ஒரே நேரத்தில் பெரிய தாக்குதல் நடந்தது. சுமார் ஒரு மணி நேரம் பல சர்வர்கள் திணறின. ஆனாலும் சாதாரண ஜனங்கள் பலருக்கு அது தெரியவே இல்லை, பிரதிகளும் ஞாபகம் வைக்கும் உத்தியும் காப்பாற்றிவிட்டன. அதன் பிறகு ஒரே பெயர், ஒரே எண்ணில் பல ஊர்களில் சர்வர் வைக்கும் எனிகாஸ்ட் முறை பரவியது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது பதில் சொல்லும். 2003-ல் கே ரூட், பைண்டுக்குப் பதில் என்.எஸ்.டி. என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளுக்கு மாறியது. ஒரே மென்பொருளில் ஓட்டை விழுந்தால் பதின்மூன்றும் சேர்ந்து விழக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஒரே நெல்லைக் காடு முழுக்க விதைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வது போலத்தான்.

2005-ல் இந்தியாவுக்கும் பிரதிகள் வந்தன. மும்பைக்கு ஐ, டெல்லிப் பக்கம் கே, நம் சென்னைக்கு எஃப்! எஃப் ரூட்டை நடத்துவது பைண்டைப் பராமரிக்கும் அதே லாப நோக்கமற்ற நிறுவனம்தான். இன்று உலகெங்கும் இப்படி 1,500-க்கும் மேற்பட்ட ரூட் பிரதிகள் ஓடுகின்றன. 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்ற மூன்று பெயர்கள் தமிழ் எழுத்திலேயே ரூட் பட்டியலில் ஏறின. போஸ்டெல் பேரேட்டில் தமிழ்!

2016 அக்டோபர் 1-ல் அந்தப் பேரேட்டின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்த மேற்பார்வையும் முடிவுக்கு வந்தது. நோட்டுப் புத்தகம் பொதுச் சொத்தாக இத்தனை வருஷம் ஆனது.

நமக்கு என்ன?

போஸ்டெல் பெயரில் 1999 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள். 2014-ல் அது பக்கத்து நாடான நேபாளத்தின் மலைக் கிராமங்களுக்கு வயர்லெஸ் நெட்வொர்க் கொண்டுபோன மகாபீர் புன் என்பவருக்குக் கிடைத்தது. கிராமத்தில் இருந்தும் அந்த வரிசையில் நிற்கலாம் என்பதற்கு இது போதும்.

இன்று அம்பத்தூர் பக்கம் போனால் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டடங்கள். நம்மில் சிலர் நாளைக்கு அங்கே நைட் ஷிஃப்டில் உட்காரப் போகிறோம். எல்லாம் ஓடும்போது நம்மை யாரும் நினைக்க மாட்டார்கள். நின்றால் மட்டும் போன் வரும். அது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் போஸ்டெலை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். அடுத்த ஷிஃப்டுக்காரருக்குப் புரியும்படி எழுதுங்கள். பாஸ்வேர்டும் விவரமும் நம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அது பெருமை அல்ல, ஆபத்து. ஒருநாள் நாம் இல்லாவிட்டாலும் சர்வர் ஓட வேண்டும்.

அன்றைக்கு லேப் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பெயர் சொல்லும் சர்வரை மறுபடி எழுப்பிவிட்டு, என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று மேசையில் கிடந்த பழைய நோட்டில் நாலு வரி தேதி போட்டு எழுதி வைத்தார். பையோடு வாசலில் நின்ற நான் அதைக் கவனித்தேன், ஆனால் எதற்கு என்று அப்போது புரியவில்லை.

போன வாரம் அதே கோளாறு மறுபடி வந்தது. அண்ணன் லீவு. அந்த நோட்டைப் புரட்டி நானே சரி செய்தேன். முடிந்ததும் கீழே ஐந்தாவது வரியாகத் தேதி போட்டு நான் செய்ததையும் எழுதினேன்.